பிரான்மலையா, வெள்ளாறா, வைகையா: காரைக்குடியிலிருந்து சைக்கிளுக்கு எந்த வழி?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் ரோடு சைக்கிள் வாங்கியவர்கள் கொஞ்ச நாள் பைபாஸில் ஓட்டிக் காலைப் பழக்கிக்கொள்கிறார்கள். அப்புறம் எல்லோரிடமிருந்தும் ஒரே கேள்விதான் வருகிறது. மேடு ஏற வேண்டும், ஆறு பார்க்க வேண்டும், கிராமம் கிராமமாகப் போக வேண்டும், ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். எந்தப் பக்கம் போவது?

செட்டிநாட்டுக்கு எல்லை சொல்லும் பழைய வழக்கு ஒன்று உண்டு. வடக்கே வெள்ளாறு, தெற்கே வைகை, மேற்கே பிரான்மலை, கிழக்கே கடல். கேட்பவர்களுக்கு நான் சொல்கிற மூன்று வழிகளும் இந்த எல்லைகளைத் தொட்டு வருகிறவைதான். கடற்கரைப் பக்கம் மேடே கிடையாது, அதனால் அதை விட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக, மலை ஏறாமல் மனசு ஆறாது என்பவர்களுக்காக எல்லைக்கு வெளியே இருக்கும் சிறுமலையை நான்காவதாகச் சேர்த்திருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். செட்டிநாட்டுக்குள் மலைப்பாதை என்று எதுவும் இல்லை. இது செம்மண்ணும் செம்புறாங்கல்லும் கலந்த, அலையலையாக ஏறி இறங்கும் நிலம். நடுவில் தனித்தனியாகப் பாறைக்குன்றுகள் நிற்கின்றன: குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, திருமயம், பிரான்மலை. ஆறுகள் எல்லாம் மேற்கிலிருந்து கிழக்கே கடலுக்குப் போகிறவை. ஆகவே மேற்கே மிதித்தால் நிலம் மெதுவாக ஏறும், கிழக்கே திரும்பினால் இறங்கும். கண்ணுக்கு அந்தச் சாய்வு தெரியாது, முழங்காலுக்குத் தெரியும். இதோடு கண்மாய்க் கரை ஏறி இறங்குவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் சின்னதுதான் என்றாலும் காலையில் தொடங்கி மதியத்துக்குள் அவை ஒரு கணிசமான கணக்காகிவிடும்.

## எதை வைத்து முடிவு செய்வது

பெரும்பாலானவர்கள் தூரத்தையும் ஏற்றத்தையும் மட்டும் பார்க்கிறார்கள். எனக்கு அவை இரண்டும் கீழே சொல்கிறவற்றுக்கு அப்புறம்தான் வருகின்றன.

காற்று. சமதரையில் கொஞ்சம் வேகமாகப் போனாலே உழைப்பில் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதற்குத்தான் செலவாகிறது. ஆனி முதல் ஆவணி வரை நம் பக்கம் மேல்காற்று. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது சைக்கிள்காரர்களுக்கு நேரடி அனுபவம். ஐப்பசி பிறந்து பருவமழை தொடங்கிவிட்டால் தை வரைக்கும் காற்று வடகிழக்கிலிருந்து வரும். விடியற்காலையில் காற்று அடங்கியிருக்கும், வெயில் ஏற ஏற அதுவும் ஏறும். போய்த் திரும்புகிற பயணம் என்றால் எதிர்க்காற்றில் கிளம்பி, களைத்த காலோடு திரும்பும்போது காற்று முதுகைத் தள்ளும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு வழி ஓட்டி ரயிலில் திரும்புவதாக இருந்தால் காற்றோடு போக வேண்டும். இந்த ஒரு விதியை வைத்தே பாதி முடிவை எடுத்துவிடலாம்.

ஆற்றில் தண்ணீர். வெள்ளாறும் சிங்கம்புணரிப் பக்கத்துப் பாலாறும் மழையை நம்பியவை. ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்தால் மார்கழி வரை தண்ணீரைப் பார்க்கலாம், மற்ற மாதங்களில் மணல்தான். வைகையில் தண்ணீர் மழையோடு அணையையும் பொறுத்தது. ஆறு பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் சித்திரையில் கிளம்பாதீர்கள்.

வண்டிப் போக்குவரத்து. லாரியும் வேகமான காரும் ஓடுகிற சாலையில் எவ்வளவு நேரம் இருக்க வேண்டியிருக்கும் என்று பாருங்கள். நல்ல தார் போட்ட நாற்கரச் சாலையைவிடக் கொஞ்சம் கரடுமுரடான ஊர்ச்சாலையே எனக்கு மேல்.

முள்ளும் பஞ்சரும். சீமைக்கருவேலம் இல்லாத சாலை நம் பக்கம் குறைவு. வேலி வெட்டிப் போட்ட நாளில் முள் சாலை முழுக்கக் கிடக்கும். ஊரில் இருக்கிற சைக்கிள் கடையில் சாதாரண சைக்கிளுக்கான 28 அங்குல டியூப்தான் கிடைக்கும், அது ரோடு சைக்கிளின் 700சி அளவுச் சக்கரத்துக்குச் சேராது. ரோடு சைக்கிள் டியூபில் வரும் ஒல்லியான பிரெஸ்டா வால்வுக்குக் கடைக்காரரின் பம்பும் பொருந்தாது. இரண்டு டியூப், ஒட்டுப் போடும் சாமான், கைப்பம்ப், வால்வு அடாப்டர், இந்த நான்கும் இல்லாமல் கிளம்பவே கூடாது. டயர் அகலம் 28 மி.மீ. இருந்தால் நல்லது, 32 இருந்தால் இன்னும் நிம்மதி.

நடுவழியில் நின்றுவிட்டால். பக்கத்தில் ரயில் நிலையம் உண்டா, சைக்கிளை ஏற்றிவர ஒரு குட்டி யானை கிடைக்குமா என்று யோசித்து வையுங்கள். பஸ்ஸில் சைக்கிளை ஏற்றச் சம்மதிப்பது கண்டக்டரின் மனசைப் பொறுத்தது, அதை நம்பித் திட்டம் போட முடியாது.

## ஒரு பார்வையில்

| | மேற்கு: பிரான்மலை | வடக்கு: வெள்ளாறு | தெற்கு: வைகை | சிறுமலை |
|---|---|---|---|---|
| தூரம் | போக வர சுமார் 100 கி.மீ. | போக வர சுமார் 75 கி.மீ. | ஒரு வழி 65 கி.மீ. அளவில் | திண்டுக்கல் வரை வண்டியில், பிறகு சைக்கிள் |
| மேடு | நீளமான, மெதுவான ஏற்றம் | சின்னச் சின்ன ஏற்ற இறக்கம் | அநேகமாகச் சமதரை | 18 கொண்டை ஊசி வளைவு |
| ஆறு | சிங்கம்புணரியில் பாலாறு | வெள்ளாறு | வைகை | கிடையாது |
| பொருத்தமான காலம் | ஆனி முதல் ஆவணி, அல்லது மாசி | கார்த்திகை முதல் தை | மார்கழி, தை | மழை ஓய்ந்த பிறகு |
| ரயில் | இல்லை | உண்டு | உண்டு | திண்டுக்கல்லில் |
| கவனிக்க வேண்டியது | நீண்ட நேரம், திரும்பும்போது வெயில் | திருமயத்துக்கு மேல் நெடுஞ்சாலை | நிழல் குறைவு, முள் அதிகம் | செலவு, இறக்கத்தில் பிரேக் |

## மேற்கு: குன்றக்குடி, திருப்பத்தூர், சிங்கம்புணரி, பிரான்மலை

மூன்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், அதை மறைக்க விரும்பவில்லை. காரணம், செட்டிநாட்டு வழிகளில் இது ஒன்றில்தான் ஒரு மலை தூரத்தில் தெரிந்து, போகப் போக வளர்ந்து, கடைசியில் தலைக்கு மேலே வந்து நிற்கும். மிதிக்கிறவனுக்கு அதைவிட என்ன வேண்டும்?

மேலூர் போகிற நாற்கரச் சாலையை விட்டுவிட்டு, குன்றக்குடி வழியாகப் போகும் பழைய சாலையில் கிளம்புங்கள். முதல் பத்து கிலோமீட்டரிலேயே குன்றக்குடி முருகன் கோயில் குன்றின் மேல் தெரியும். அங்கிருந்து பிள்ளையார்பட்டி பக்கம்தான். சங்கடஹர சதுர்த்தி, விநாயகர் சதுர்த்தி நாட்களில் இந்தத் துண்டை நினைக்கவே வேண்டாம், அவ்வளவு வண்டி. அடுத்தது சிராவயல். 1927இல் காந்தியடிகள் இந்தச் சின்ன ஊருக்கு வந்து, இங்கே ஆசிரமம் நடத்திக்கொண்டிருந்த இளைஞர் ஜீவானந்தத்தைப் பார்த்தார். தை மூன்றாம் நாள் இங்கே மஞ்சுவிரட்டு. அன்றைக்குச் சாலையில் மாடும் வரும், ஊரே வரும். சைக்கிளுக்கு அன்று விடுமுறை கொடுத்துவிட்டு மஞ்சுவிரட்டைப் பார்க்கப் போகலாம்.

திருப்பத்தூர் வரை சுமார் இருபது கிலோமீட்டர். மருது சகோதரர்கள் 1801 அக்டோபர் 24 அன்று தூக்கிலிடப்பட்ட ஊர். பஸ் நிலையத்தைச் சுற்றி விடியற்காலையிலேயே இட்லியும் பொங்கலும் கிடைக்கும். இங்கே வயிற்றுக்குப் போட்டுக்கொண்டு, இரண்டு பாட்டிலையும் நிரப்பிக்கொள்ளுங்கள்.

உண்மையான பயணம் இதற்கு அப்புறம்தான் ஆரம்பம். திருப்பத்தூரிலிருந்து சிங்கம்புணரி வரையிலான இருபத்தைந்து கிலோமீட்டர் முழுக்க அந்தக் கண்ணுக்குத் தெரியாத ஏற்றம். வேகம் குறைவதைப் பார்த்துப் பலர் சைக்கிளில் ஏதோ கோளாறு என்று நினைத்துப் பிரேக் உரசுகிறதா என்று பார்ப்பார்கள். கோளாறு ஒன்றும் இல்லை, நிலம் ஏறுகிறது. ஒரு கியர் இறக்கி, மூச்சு வாங்காத அளவில் மிதித்தால் போதும். சிங்கம்புணரியை நெருங்கும்போது தென்னந்தோப்புகள் வந்துவிடும். தென்னை நாரும் கயிறும்தான் இந்த ஊரின் தொழில், சாலையோரத்தில் மட்டையும் நாரும் குவிந்து கிடப்பதைப் பார்க்கலாம். இந்த வழியில் நல்ல நிழல் கிடைக்கிற இடமும் இதுதான். மழைக்காலம் என்றால் பாலாற்றில் தண்ணீர் ஓடுகிறதா என்று ஒரு எட்டு பார்த்துவிட்டுப் போகலாம்.

அங்கிருந்து பிரான்மலைக்கு ஏழெட்டுக் கிலோமீட்டர். பாரியின் பறம்புமலை இதுதான் என்று இந்த வட்டாரத்தில் சொல்வார்கள். 2,400 அடிக்கு மேல் உயரம். அடிவாரத்தில் கொடுங்குன்றநாதர் கோயில், திருஞானசம்பந்தர் பாடிய பாண்டிநாட்டுத் தலங்கள் பதினான்கில் ஒன்று. மலை உச்சியில் ஒரு தர்கா இருக்கிறது, இரண்டுக்கும் வருகிற குடும்பங்கள் உண்டு.

முக்கியமான விஷயம், சைக்கிள் போவது அடிவாரம் வரைதான். உச்சிக்குக் கால்நடையாகத்தான் ஏற வேண்டும், அதற்குப் பாதி நாள் வேண்டும். கிளீட் (பெடலில் மாட்டும் கொக்கி) வைத்த ஷூவோடு பாறையில் ஏறுவது ஆபத்து. ஏறுகிற எண்ணம் இருந்தால் ஒரு சாதாரணச் செருப்பையோ ஷூவையோ பையில் கட்டிக்கொண்டு போங்கள், கூடவே திரும்பும் நேரத்தையும் மாற்றி வையுங்கள். கோயிலுக்குள் போக விரும்புகிறவர்கள் காலை பதினோரு மணிக்குள் சேர்ந்துவிடுவது நல்லது, மதியம் நடை சாத்திவிடுவார்கள்.

இந்த வழியில் பணம் பெரிதாகச் செலவாகாது, நேரம்தான் செலவாகும். போகும்போது வெயில் முதுகில் அடிப்பது சுகம். திரும்புவது பத்து மணிக்கு மேல், அப்போது வெயில் முகத்துக்கு நேரே உச்சியை நோக்கி ஏறிக்கொண்டிருக்கும். காலை ஐந்துக்கே கிளம்ப முடியாதவர்கள் இந்த வழியைப் பங்குனி, சித்திரையில் எடுக்கவே கூடாது. ரயிலும் கிடையாது. சங்கிலி அறுந்தால் திருப்பத்தூர் வரைக்கும் ஏதாவது சரக்கு வண்டி பிடித்துத்தான் வர வேண்டும்.

தை மாதம் இன்னொரு காரணத்துக்காகவும் யோசிக்க வேண்டும். தைப்பூசத்துக்கு முன் குன்றக்குடியிலிருந்து பழனிக்குப் போகும் நகரத்தார் காவடியும் பாதயாத்திரைக் கூட்டமும் சிங்கம்புணரி, நத்தம் வழியாகத்தான் போகின்றன. நடந்து போகிறவர்களுக்கு இடையில் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் நுழைவது சரியில்லை. அந்த வாரத்தை அவர்களுக்கே விட்டுவிடுங்கள்.

வந்த வழியே திரும்ப மனமில்லை என்றால் பிரான்மலையிலிருந்து பொன்னமராவதி போய், நெற்குப்பை வழியாகத் திருப்பத்தூருக்கு வந்து சேரலாம். மொத்தத் தூரம் நூறைத் தாண்டிவிடும், ஆனால் ஊர்களும் கண்மாய்களும் மாறி மாறி வரும் அமைதியான துண்டு அது. அறுவடைக் காலத்தில் இந்த ஊர்ச்சாலைகளில் நெல்லும் உளுந்தும் காயும், வைக்கோல் பரப்பியிருப்பார்கள். வைக்கோல் பின் கியரில் சுற்றிக்கொண்டால் கியர் கம்பியே வளைந்துவிடும், அந்த இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். அது அவர்களுடைய களமும்கூட.

கார்த்திகை முதல் மாசி வரையில் போகிறவர்கள், நேரம் இருந்தால், திருப்பத்தூருக்கு அப்பால் கொள்ளுக்குடிப்பட்டி வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துக்கும் திரும்பலாம். பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காத ஊர்க்காரர்கள் காத்துவைத்திருக்கிற கண்மாய்கள். அங்கே போய் சைக்கிள் மணியடிக்க வேண்டாம்.

யாருக்கு: ஒரே நாளில் 100 கி.மீ. என்ற இலக்கு வைத்திருப்பவர்களுக்கு, நீண்ட ஏற்றத்தில் நிதானம் பழக விரும்புகிறவர்களுக்கு, ஆடி மாதத்தில் வீட்டில் உட்கார்ந்திருக்கப் பிடிக்காதவர்களுக்கு. ஆடியில் போகும்போது காற்றும் ஏற்றமும் சேர்ந்து எதிர்க்கும். திரும்பும்போது இரண்டும் சேர்ந்து தள்ளும். அந்தத் திரும்பும் பயணத்துக்காகவே இந்த வழியைப் பரிந்துரைப்பேன்.

## வடக்கு: கோட்டையூர், கானாடுகாத்தான், திருமயம், வெள்ளாறு

முதன்முறை நீண்ட தூரம் போகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். தூரம் குறைவு, பார்க்க நிறைய, கூடவே ரயில் பாதை ஓடுகிறது. கோட்டையூர், செட்டிநாடு, திருமயம், நமணசமுத்திரம் என்று வரிசையாக நிலையங்கள்.

திருச்சி போகும் பெரிய சாலையில் நேரே போனால் திருமயம் சீக்கிரம் வந்துவிடும். ஆனால் லெம்பலக்குடி சுங்கச்சாவடி வழியாக வருகிற வண்டிகளின் வேகத்தில் சைக்கிளுக்கு மரியாதை கிடையாது. கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று ஊருக்குள் புகுந்து போங்கள். பெரிய வீடுகளின் நீளமான மதில்கள் இரண்டு பக்கமும், காலை நேரத்தில் நல்ல நிழல். வேகத்தடை அதிகம், சில இடங்களில் வெள்ளைக்கோடும் இருக்காது. ஊர் எல்லையில் நாய்கள் துரத்தினால் வேகம் கூட்ட வேண்டாம், இறங்கி, நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் சைக்கிளை வைத்து நின்றால் அவை அடங்கிவிடும்.

கானாடுகாத்தானுக்கு அப்புறம் நிலம் லேசாக அலையடிக்கத் தொடங்கும். எதுவும் பெரிய ஏற்றம் இல்லை, ஆனால் ஒவ்வொன்றின் உச்சியிலும் திருமயம் கோட்டை கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். 1687இல் சேதுபதி கட்டியது. அதே பாறையின் சரிவில் சிவனுக்கும் பெருமாளுக்கும் அடுத்தடுத்துக் குடைவரைக் கோயில்கள். கோட்டைக்கு மேலே ஏறிப் பார்த்தால் நீங்கள் வந்த சாலை, கண்மாய்கள், பொட்டல், பனைமரங்கள் எல்லாம் ஒரே சட்டத்தில் தெரியும். சைக்கிளை எங்கே விடுவது என்பதுதான் கவலை. இரண்டு பேராகப் போனால் ஒருவர் காவல் இருக்கலாம், தனியாகப் போகிறவர்கள் ஒரு நல்ல பூட்டின் எடையைச் சுமக்கத்தான் வேண்டும்.

பலர் திருமயத்தோடு திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அது பாதிப் பயணம். புதுக்கோட்டையை நோக்கி இன்னும் பதினைந்து கிலோமீட்டர் போனால் வெள்ளாறு வந்துவிடும். இந்த ஆற்றுக்கு வடகரை கோனாடு, தென்கரை கானாடு என்பது பழைய பிரிவு. மழை பெய்த கார்த்திகையில் பாலத்தின் மேல் நின்று பார்த்தால் செந்நீர் ஓடிக்கொண்டிருக்கும். மற்ற மாதங்களில் மணலும் நாணலும்தான், ஏமாற்றமாக இருக்கும். இந்தப் பதினைந்து கிலோமீட்டர் தேசிய நெடுஞ்சாலை என்பதுதான் இந்த வழியின் பெரிய குறை. ஓரத்தை விட்டு விலகாமல், பின்விளக்கைப் பகலிலும் எரியவிட்டு, கூட்டமாகப் போனாலும் ஒருவர் பின் ஒருவராகப் போக வேண்டும். பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள் திருமயத்தோடு நிறுத்திக்கொள்வதே நியாயம்.

பலம் இருப்பவர்கள் புதுக்கோட்டையைத் தாண்டி இன்னும் பதினாறு கிலோமீட்டரில் சித்தன்னவாசலைப் பார்த்துவிட்டு, புதுக்கோட்டைக்குத் திரும்பி ரயிலில் வரலாம். சமணர் படுக்கைகள் இருக்கும் ஏழடிப்பட்டத்துக்குப் போகப் பாறையில் ஏற வேண்டும். அதற்கும் ஷூ மாற்ற வேண்டும்.

வடகிழக்குக் காற்றுக் காலத்தில் போகும்போது எதிர்க்காற்று, திரும்பும்போது துணை. ஆடியில் பக்கவாட்டுக் காற்று, அதுதான் தொல்லை. பக்கத்தில் ஒரு லாரி கடக்கும்போது காற்று ஒரு நொடி நின்று மறுபடி அடிக்கும், சைக்கிள் ஆடிப்போகும். ஆழமான ரிம் போட்ட சக்கரம் வைத்திருப்பவர்கள் ஆடியில் இந்தப் பக்கம் வராமலிருப்பது நல்லது.

யாருக்கு: புதிதாகத் தொடங்கியவர்களுக்கு, குடும்பத்தோடு போகிறவர்களுக்கு, மிதிப்பதைவிடப் பார்ப்பதில் ஆசை அதிகம் உள்ளவர்களுக்கு.

## தெற்கு: கல்லல், காளையார்கோவில், சிவகங்கை, மானாமதுரை

இதில் மேடு இல்லை என்பதை முதலிலேயே ஏற்றுக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். இது ஆற்றைத் தேடிப் போகிற வழி. மார்கழி, தையில் வாடைக்காற்று பின்னாலிருந்து தள்ள, தென்மேற்காக மானாமதுரை வரை போய், ரயிலில் திரும்புவது செட்டிநாட்டில் கிடைக்கிற மிக லேசான நீண்ட பயணம்.

கல்லல் வரை போக்குவரத்து குறைவு. காளையார்கோவிலில் மருது சகோதரர்களின் சமாதியும் பெரிய கோயிலும் தெப்பக்குளமும் இருக்கின்றன, இளைப்பாற நல்ல இடம். சிவகங்கைக்குக் கொஞ்சம் முன்னால் விலகினால் நாட்டரசன்கோட்டை. கண்ணாத்தாள் கோயிலுக்கும் கம்பர் சமாதிக்கும் பேர் போன ஊர். சிவகங்கையில் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டால் மிச்சம் இருபது கிலோமீட்டர்கூட இராது.

மானாமதுரையில் வைகை அகலமாக விரிந்து கிடக்கும். அணையில் தண்ணீர் திறந்திருக்கிறார்களா என்று முந்தின நாளே செய்தியில் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் மணலைத்தான் பார்ப்பீர்கள். ஊருக்குள் மண்பாண்டம் செய்கிறவர்களின் தெரு இருக்கிறது. கச்சேரி மேடைகளில் ஒலிக்கும் மானாமதுரைக் கடம் இங்கேதான் உருவாகிறது. சித்திரையில் வீர அழகர் வைகையில் இறங்குவதைப் பார்க்க வருகிறவர்கள் சைக்கிளை மறந்துவிட்டு ரயிலிலேயே வரலாம், அந்த வெயிலில் இந்தச் சாலை சைக்கிளுக்கு ஆகாது.

இங்கே மறைவான செலவு இரண்டு. ஒன்று முள். காளையார்கோவிலைச் சுற்றிச் சீமைக்கருவேலம் சாலை விளிம்பு வரை வந்திருக்கும், டியூப் இரண்டுக்குப் பதில் மூன்றாக எடுத்துக்கொள்ளுங்கள். டியூப்லெஸ் டயரில் பஞ்சர் அடைக்கும் பால் ஊற்றி ஓட்டுகிறவர்களுக்கு அதன் முழுப் பயனும் தெரிவது இந்தப் பக்கம்தான். இரண்டாவது ரயில். சைக்கிளைப் பெட்டிக்குள் தூக்கிக்கொண்டு ஏற முடியாது. லக்கேஜாகப் பதிவு செய்து, சரக்குப் பெட்டியில் ஏற்ற வேண்டும், எல்லா ரயிலிலும் எல்லா நிலையத்திலும் அது நடக்காது. ஆகவே மானாமதுரையில் எந்த ரயிலுக்குச் சைக்கிள் ஏற்றுவார்கள் என்று போவதற்கு முன்பே விசாரித்து, ரயில் வருவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் அங்கே இருங்கள். சக்கரங்களைக் கழற்றிப் பைக்குள் கட்டும் வசதி இருந்தால் பாதிக் கவலை தீரும்.

அக்டோபர் கடைசி வாரத்தில் மருதுபாண்டியர் குருபூஜையும் தேவர் குருபூஜையும் வரும். சிவகங்கை வட்டாரச் சாலைகளில் போலீஸ் கட்டுப்பாடு இருக்கும். அந்த வாரம் வேறு பக்கம் போகலாம்.

யாருக்கு: முழங்கால் வலி உள்ளவர்களுக்கு, வயதானவர்களுக்கு, ஒரே சீரான வேகத்தில் நாலு மணி நேரம் மிதித்துப் பழக விரும்புகிறவர்களுக்கு.

## சிறுமலை: நிஜமான மலை வேண்டும் என்பவர்களுக்கு

திண்டுக்கல்லிலிருந்து நத்தம் சாலையில் வந்து சிறுமலைக்குத் திரும்பினால் 18 கொண்டை ஊசி வளைவுகள். காரைக்குடியிலிருந்து திண்டுக்கல்லே நூறு கிலோமீட்டர் இருக்கும், ஆகவே காரில் சைக்கிளை ஏற்றிக்கொண்டுதான் போக வேண்டும். கார் வாடகை, பெட்ரோல், சைக்கிள் மாட்டும் ஸ்டாண்ட், முந்தின இரவு திண்டுக்கல்லில் தங்கும் செலவு எல்லாம் சேர்த்தால் ஒரு நல்ல டயர் ஜோடியின் விலை வந்துவிடும். நாலு பேர் சேர்ந்து போனால் தாங்கும்.

ஏறுவதைவிட இறங்குவதற்குத்தான் தயாராக வேண்டும். நம் சமதரையில் பிரேக்கைத் தொடர்ந்து பிடித்துப் பழக்கமே இருக்காது. ரிம் பிரேக் என்றால் விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கும். பிரேக் கட்டையைக் கிளம்பும் முன் மாற்றிவிடுங்கள். காட்டுமாடுகள் நடமாடும் மலை, விடியலிலும் அந்தியிலும் வளைவுகளில் நிதானம் வேண்டும். பிரான்மலை வழியை எதிர்க்காற்றில் ஒருமுறை முழுசாக முடித்தவர்கள் சிறுமலைக்குத் தயார் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு முன்னால் போனால் பாதியில் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டியிருக்கும்.

## இரண்டு மணி நேரம்தான் இருக்கிறது என்றால்

இது எதற்கும் நேரம் இல்லாதவர்கள் காரைக்குடியிலிருந்து குன்றக்குடி, பிள்ளையார்பட்டி போய்த் திரும்பலாம், இருபத்தைந்து கிலோமீட்டர் அளவில் முடிந்துவிடும். வாரநாளில் விடியற்காலையில் சாலை காலியாக இருக்கும். நீண்ட வழிகளுக்குப் பழகவும் இதுவே நல்ல இடம்: முதல் வாரம் ஒரு சுற்று, அடுத்த வாரம் குன்றக்குடிக்கும் பிள்ளையார்பட்டிக்கும் இடையில் இரண்டு தடவை போய் வந்து ஒரு சுற்று, மூன்றாவது வாரம் திருப்பத்தூர் வரை. ஒரு பஞ்சரை வழியிலேயே நீங்களாக ஒட்டவும் இந்தச் சுற்றிலேயே கற்றுக்கொள்ளுங்கள். அது கைவந்த பிறகு பிரான்மலைக்கு நாள் குறிக்கலாம்.